கந்தரோடையும் உரோமச் சிறுகாசும்



மானிப்பாயிலிருந்து சில மைல் தொலைவில் உள்ளது கந்தரோடை. அங்குள்ள பழைய குடியிருப்பை 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் ஆராய்ந்தார். கிடைத்த பழம்பொருள்களுள் உரோமக் காசுகளும் இருந்தன.

பொன்னும் வெள்ளியும் கடல் கடந்து வந்தமைக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. எங்குச் சென்றாலும் எடைக்கேற்ற விலை அவற்றுக்கு உண்டு. வெண்கலச் சிறுகாசின் நிலை வேறு. பேரரசனின் ஆணை செல்லும் இடத்திலேயே அதற்கு மதிப்பு. அவ்வாறாயின், அது இலங்கைக்கு வந்தது எதற்காக?

விடையைக் காசுகளே கூறுகின்றன. இத்தீவிற் கிடைத்த உரோம வெண்கலக் காசுகளுட் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை. பல, கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த காசுகளும் பல உள. வந்தவை போதாமையாலன்றோ வேறு செய்தனர்? ஆகவே, ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் முதலிய பேரரசரின் தலை பொறித்த காசு இந்நாட்டுச் சந்தைகளிற் சில்லறையாக வழங்கியது எனக் கொள்ளலாம்.

காசு தனித்து நின்று பேசுவது சிறிது. அது கிடந்த மண்ணும் உடனிருந்த மட்பாண்ட ஓடும் சேர்ந்தே அதன் வரலாற்றைக் கூறும். தோட்டங் கொத்தும்போது களிம்பேறிய காசொன்று அகப்பட்டால், அதனைப் புளியிட்டு விளக்காதீர்கள். கண்ட இடத்தைக் குறித்துவைத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.