அசையா மேசை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என் இல்லத்திற்கு வந்து, "ஐயா, தாங்களும் சிறிது நேரம் பேச வேண்டும்" என்று பணித்தபோது நான் திகைத்தேன். எஃகு ஆலையின் மாதிரிப் பட்டறையில் 36 ஆண்டுகள் உளியும் இழைப்புளியும் பிடித்தவனுக்குச் சொற்பொழிவு எங்கிருந்து வரும்? "தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நம் சங்கக் கட்டடத்தின் பின்தாழ்வாரத்தில் நிற்கும் கனத்த மரமேசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அம்மேசையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பொங்கல் விழாவில் அதன்மேல் சருக்கரைப் பொங்கல் பானைகளை இறக்கி வைத்திருக்கிறீர்கள். அது 8 அடி நீளமும் 22 அங்குல அகலமும் உடையது. மேற்பலகையின் கனம் நாலரை அங்குலம். மொத்த எடை ஏறக்குறைய 200 கிலோ. வெள்ளையடிக்க வரும் ஆட்கள் அதை நகர்த்த முயன்று, என்னைச் சபித்துவிட்டு, அதைச் சுற்றியே வெள்ளையடித்துச் செல்வார்கள். "ஒரு மேசைக்கு இவ்வளவு கனம் எதற்கு?" என்று என்னைக் கேட்காதவர் இல்லை. அக்கேள்விக்கு இன்று விடை கூற விரும்புகிறேன்.

மரவேலையில் பாதி வெட்டுதல். மற்றப் பாதி பிடித்துக்கொள்ளுதல். உளி எவ்வளவு கூர்மையாக இருப்பினும், அதன் அடியில் உள்ள மரம் நகருமானால் வேலை கெடும். சில வேளைகளில் கையும் கெடும். ஆகவே மரத்தை அசையாமல் பிடிப்பது எப்படி என்பதே உலகத்துத் தச்சர் அனைவர்க்கும் முதற் கேள்வியாக இருந்துவந்துள்ளது.

நம் நாட்டுத் தச்சர் இக்கேள்விக்குத் தரையில் அமர்ந்து விடை கண்டார். பலகையின் ஒரு முனையைத் தரையில் அறைந்த முளையில் முட்டுக்கொடுத்து, மறு முனையைக் காலால் அழுத்திக்கொண்டு இழைப்பார். சிறு கட்டையானால் இரு பாதங்களுக்கும் இடையே இறுக்கி உளி செலுத்துவார். கால்விரல்களே அவருக்குப் பிடிச்சிராவி. நிலமே அவருக்கு மேசை. அதனினும் கனமான மேசை எங்கும் இல்லை. என் தந்தையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இவ்வாறே கதவும் நிலையும் கலப்பையும் செய்தவர். அவருடைய இடக்காற் பெருவிரலில் வாய்ச்சி பட்ட தழும்பு ஒன்று இருந்தது. ஐம்பது வயதிலேயே அவருடைய முழங்கால்கள் மடங்க மறுத்தன. தரை பெரிய மேசைதான். ஆனால் அது கேட்கும் கூலியும் பெரிது.

மேலைநாட்டார் வேறு வழியிற் சென்றனர். கி.பி. 79-இல் வெசுவியசு எரிமலையால் புதையுண்ட எர்க்குலேனியம் நகரத்துச் சுவரோவியம் ஒன்றில், சிறகுடைய சிறுவர்கள் தச்சுவேலை செய்யும் காட்சி தீட்டப்பெற்றிருக்கிறது. அங்கே தாழ்ந்த பலகைமேசையும், மரத்தை அதனோடு அழுத்திப் பிடிக்கும் வளைந்த இரும்பும் காணப்படுகின்றன. அம்மேசை காலப்போக்கில் உயர்ந்து, தச்சர் நின்று வேலை செய்யும் வடிவம் பெற்றது. 18-ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்து ஆந்த்ரே ழாக்கோப் ரூபோ என்பவர் அவ்வடிவத்தை அளவுகளோடு எழுதிவைத்தார்.

ரூபோ (1739–1791) தச்சருடைய மகன், தச்சருடைய பேரன், தாமும் தச்சர். பகலிற் பட்டறையில் உழைத்த அவர், தம் தொழிலைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார். அதை அந்நாட்டு அறிவியற் கழகம் 1769 முதல் 1775 வரை பகுதி பகுதியாக வெளியிட்டது. கற்றோர் கூடிய கழகம் ஒரு கைத்தொழிலாளரின் எழுத்தை அச்சேற்றியது என்பதை இளைஞர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். நம் தச்சர்களின் அறிவும் அதற்கு இளைத்ததன்று. ஆனால் அதில் பெரும்பகுதி தந்தையின் கையிலிருந்து மகன் கைக்கு வந்தது. மகன் கை விலகினால் அது நின்றுபோகும்.

ரூபோ கூறும் மேசையின் மேற்பலகை ஒரே மரத்தால் ஆனது. அதன் கனம் 5 அல்லது 6 அங்குலம். அகலம் 20 முதல் 24 அங்குலம். நீளம் 6 முதல் 12 அடி. கால்கள் ஓக்கு மரத்தால் ஆனவை. அவற்றின் நாக்குகள் மேற்பலகையைத் துளைத்து மறுபுறம் தோன்றும். முன்கால்களின் முகமும் பலகையின் விளிம்பும் ஒரே மட்டத்தில் அமையும். அதனால் ஒரு கதவைப் பக்கவாட்டில் நிறுத்திக் காலோடும் விளிம்போடும் சேர்த்துப் பிடித்து, அதன் ஓரத்தை இழைக்கலாம். பலகை ஒன்றுக்கு முகம், ஓரம், முனை என மூன்று இடங்கள் உண்டு. மூன்றையும் அசையாமல் பிடிக்கவல்லதே மேசை, மற்றது பலகைத்தட்டு.

இதையெல்லாம் நான் முதலில் அறிந்திருக்கவில்லை. 1978-இல் வேலைக்குச் சேர்ந்தேன். உருக்கிய உலோகத்தை வார்ப்பதற்கு முன், மணலில் பதித்து அச்செடுக்க மரத்தால் மாதிரி செய்ய வேண்டும். அதுவே என் பணி. வீட்டிலும் வேலை செய்ய விரும்பி 1983-இல் குடியிருப்பின் பின்புறத்தில் மாம்பலகையால் ஒரு மேசை செய்தேன். பலகை ஈரம் உலராதது. கால்களை ஆணியால் அறைந்தேன். இழைப்புளியை ஒருமுறை தள்ளினால் மரம் இழைபடுமுன் மேசை ஒரு சாண் நடக்கும். அடுத்த கோடையில் பலகை ஓடுபோல் வளைந்தது. நாளடைவில் அதன்மேல் பூந்தொட்டிகளை வைத்தோம்.

1986-ஆம் ஆண்டு மார்கழிக் குளிரில் என் தந்தையார் இந்நகருக்கு வந்தார். ஒருநாள் மாலை அண்டை வீட்டு அதிகாரி ஒருவர் தேநீர் அருந்த வந்திருந்தார். "உங்கள் தந்தையார் என்ன தொழில் செய்கிறார்?" என்று இந்தியில் கேட்டார். நான் தயங்காமல், "கட்டடக் கண்ட்ராக்டர்" என்றேன். அப்பாவுக்கு இந்தி தெரியாது என்பது என் துணிவு. ஆனால் கண்ட்ராக்டர் என்ற சொல் எந்த மொழியிலும் ஒன்றுதானே! அவர் என்னை ஒருமுறை பார்த்தார்; பிறகு தம் கால்களைப் பாயின் அடியில் இழுத்துக்கொண்டார். தழும்பு உள்ள அந்தக் காலைத்தான் அவர் மறைத்தார் என்பது அன்றிரவு படுத்தபின்பே எனக்கு உறைத்தது.

மறுநாள் விடியலில் பின்புறம் ஓசை கேட்டு எழுந்து சென்றேன். பூந்தொட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, அப்பா அந்த மாமேசையை ஒரு கையால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, தரை நகருமா?" என்றார்.

"நகராது அப்பா."

"உன் மேசை நகர்கிறதே. நின்றுகொண்டு வேலை செய்வதில் குற்றம் ஒன்றும் இல்லை, முழங்காலுக்கு நல்லது. ஆனால் நீ எழுந்து நிற்கும்போது தரையையும் கூடவே தூக்கிக்கொண்டு வர வேண்டாமா?"

முந்தின நாள் மாலையைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, என்றுமே பேசவில்லை.

அந்த வாரமே மரம் தேடப் புறப்பட்டோம். அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும், புறத்தே வன்மை உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரித்துக் காட்டுகிறது. அப்பா தொல்காப்பியம் படித்தவர் அல்லர். எனினும் அவ்வுண்மையை விரல்நகத்தால் கீறியே அறிந்தார். வெளிறு உள்ள கட்டைகளை ஒதுக்கினார். இடித்த அரிசி ஆலை ஒன்றின் சால மர உத்திரங்கள் நான்கு கிடைத்தன. பல்லாண்டுகள் கூரையின்கீழ் உலர்ந்தவை. இனி வளைய மாட்டா. கால்களுக்கு இவ்வட்டாரத்தார் பீஜா என்று வழங்கும் மரத்தைக் கடைக்காரர் காட்டினார். அப்பா அதன் சீவலை முகர்ந்துபார்த்து, "இது நம் வேங்கை அல்லவா!" என்றார். பெயர் மாறினும் மரம் ஒன்றே. ஆயிரம் மைலுக்கு அப்பால் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டதுபோல் அவர் முகம் மலர்ந்தது.

பழைய உத்திரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். இழைப்புளியின் வாயைப் பிளந்துவிடும். நூலிற் கட்டிய காந்தத்தை மரத்தின்மேல் தொங்கவிட்டு நகர்த்தினோம். அது திரும்பிய இடமெல்லாம் தோண்டி ஆணிகளை எடுத்தோம். உத்திரங்களின் பக்கங்களை ஒளி புகாதபடி இழைத்து, பசை தடவிச் சேர்த்து, இருபுறமும் சட்டம் அமைத்து ஆப்பு அடித்து இறுக்கினோம். காய்ந்தபின் முதலில் குறுக்காகவும், அடுத்து மூலைவாட்டாகவும், இறுதியில் நீளவாட்டாகவும் இழைத்தோம். இரு முனைகளிலும் நேர்க்கோல்களை வைத்து, ஒன்றின் விளிம்போடு மற்றதன் விளிம்பு பொருந்துகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் முறுக்கு தெரிந்துவிடும்.

மேசையின் உயரம் ஆளுக்கு ஏற்றது. கைகளைத் தொங்கவிட்டு நின்றால் சிறுவிரல் கையோடு சேரும் இடம் இருக்கிறதே, அவ்வுயரமே இழைப்பதற்குத் தக்கது. அப்போதுதான் தோள் மட்டுமன்றி உடல் முழுவதும் உழைக்கும்.

பொருத்துகளில் ஆணி ஒன்றுகூட இல்லை. துளையிலும் அதனுள் நுழையும் நாக்கிலும் முளைக்கான துளைகளை நேருக்கு நேர் இடாமல், நாக்கின் துளையை மட்டும் அதன் தோட்பக்கமாகச் சிறிது தள்ளி இட வேண்டும். பத்திரிகை அட்டையின் கனமே இரண்டு மூன்று மடங்கு இருந்தால் போதும். மூங்கில் முளையை அடித்தால், அது நேராகச் செல்ல முயன்று நாக்கை உள்ளே இழுத்துப் பூட்டிவிடும். பசை விட்டுப்போனாலும் பொருத்து விடாது. ஊரில் வீட்டு நிலைகளுக்கு அப்பா செய்துவந்த முறை அது. அதையே ஐரோப்பியத் தச்சரும் தொன்றுதொட்டுச் செய்துவந்தனர் என்பதைப் பின்னாளில் படித்து வியந்தேன்.

மரத்தை அழுத்திப் பிடிக்கும் வளைந்த இரும்பைக் கொல்லர் ஒருவர் அடித்துத் தந்தார். மேற்பலகையில் ஓர் அங்குலத் துளையிட்டு, அதில் தளர்வாக நுழைத்து, தலையில் ஒரு தட்டுத் தட்டினால் சாய்ந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். பின்புறத்தில் தட்டினால் விட்டுவிடும். திருகும் இல்லை, சாவியும் இல்லை. அப்பா அதை நெடுநேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். "என் கால்விரல் செய்த வேலையை இது செய்கிறது" என்றார்.

ஆறு வாரங்களில் மேசை முடிந்தது. அண்டை வீட்டு அதிகாரி பார்க்க வந்தார். "யார் செய்தது?" என்றார். "என் தந்தையார் செய்தார். அவர் தச்சர்" என்றேன். அப்பா தலை நிமிரவில்லை; உளியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டேயிருந்தார். ஆனால் பாய் விரித்திருந்தும் அன்று அவர் கால்களை நீட்டியே அமர்ந்திருந்தார்.

1994-இல் அவர் மறைந்தார். 2014-இல் நான் ஓய்வு பெற்றபோது, அடுக்குமாடி வீட்டுக்குள் மேசை நுழையவில்லை. அதைப் பெற்றுக்கொண்டு தாழ்வாரத்தில் இடமளித்த இச்சங்கத்திற்கு நான் என்றும் கடமைப்பட்டவன். இன்று ஞாயிறுதோறும் காலையில் ஒன்பது பிள்ளைகள் அங்கே வருகின்றனர். பதினொன்றாம் வகுப்பில் பயிலும் ஒரு மாணவி ஆணியின்றி ஒரு முக்காலி செய்திருக்கிறாள். அதன் ஒரு கால் சற்றுக் குட்டைதான். ஆயினும் அவளுடைய பாட்டியார் அதில் அமர்ந்தே செபமாலை உருட்டுகிறார்.

சங்கக் கட்டடத்தை விரிவாக்க வேண்டும் என்றும், அதற்காகத் தாழ்வாரத்தை எடுத்துவிட்டு மேசையை மர விலைக்கு விற்றுவிடலாம் என்றும் சென்ற பொதுக்குழுவில் ஒரு கருத்து எழுந்தது. கூறியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நம் உறுப்பினர் பெருகியுள்ளனர், இடம் வேண்டும். சங்கத்தின் முடிவுக்கு நான் கட்டுப்பட்டவன். என் வேண்டுகோள் ஒன்றே: புதிய கட்டடத்தில் 10 அடிக்கு 8 அடி இடம் மேசைக்கு ஒதுக்குங்கள், அதற்காகும் செலவில் என்னால் இயன்றதை நான் தருகிறேன்.

இதை என் தந்தையாரின் நினைவுக்காக மட்டும் கேட்கவில்லை. நம் பிள்ளைகள் பொறியியல் படிப்பார்கள், கணினியில் உழைப்பார்கள். அது நமக்குப் பெருமையே. ஆனால் தாத்தா என்ன தொழில் செய்தார் என்று யாரேனும் கேட்டால், அவர்கள் நான் சொன்ன பொய்யைச் சொல்லக்கூடாது. ஒருமுறை இழைப்புளியைத் தள்ளி, சீவல் சுருண்டு விழுவதைப் பார்த்த பிள்ளைக்கு அப்பொய் வாயில் வராது என்று நான் நம்புகிறேன்.

வரும் ஞாயிறு காலை 8 மணிக்குப் பெற்றோர்களும் தாழ்வாரத்திற்கு வருக. மேசையைத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் விற்றுவிடலாம்.