இன்ட்ரெஸ்ட் என்றால் எது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்து நிமிடம் ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு நன்றாகப் பழகிய சொல் ஒன்று உண்டு: இன்ட்ரெஸ்ட். அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

இந்த ஒரே சொல்லை நாம் எத்தனை விதமாகச் சொல்கிறோம், பாருங்கள். 'டெபாசிட்டுக்கு என்ன இன்ட்ரெஸ்ட்?' என்றால் வட்டி. 'பையனுக்குக் கணக்கில் இன்ட்ரெஸ்ட் இல்லை' என்றால் ஆர்வம். 'பப்ளிக் இன்ட்ரெஸ்ட்' என்றால் பொதுநலன். நம் எல்லோருடைய கிரையப் பத்திரத்திலும் 'ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரெஸ்ட்' என்று ஒரு வரி இருக்கும். அது சொத்தில் நமக்குள்ள பாத்தியதை. கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'அவருக்கு அதில் ஏதோ இன்ட்ரெஸ்ட் இருக்கிறது சார்' என்போம். அது ஆதாயம்.

ஒரு சொல் எப்படி இத்தனை சுமக்கிறது? லத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்கு 'இடையே இருத்தல்' என்று பொருள். அதிலிருந்து 'சம்பந்தம் இருத்தல்' என்ற பொருளும் வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் வட்டி வாங்குவதைத் திருச்சபை தடை செய்திருந்தது. ஆனால் கடன் வாங்கியவர் தவணை தவறினால், கொடுத்தவருக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம். அந்த ஈட்டுக்கு இந்தச் சொல்லை வைத்தார்கள். நாளடைவில் வட்டிக்கே அது பெயராகிவிட்டது.

பின்லாந்தில் எஸ்போ நகரில் என் மகன் வேலை பார்க்கிறான். அங்கே போய் மூன்று மாதம் இருந்தபோது, வீட்டுக்கு வரும் வங்கிக் கடிதங்களை அகராதியை வைத்துக்கொண்டு படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்வதை ஃபின்னிஷ் மொழியில் தனித்தனிச் சொற்களால் சொல்கிறார்கள்.

வட்டிக்கு அவர்கள் சொல் 'கொர்கோ'. செருப்பின் குதிகாலுக்கும் அதே சொல்தான். 'கொர்கெயா' என்றால் உயரமானது. அசலுக்கு அடியில் குதிகால் வைத்து உயர்த்துவதுதான் வட்டி என்று நான் நினைவில் வைத்துக்கொண்டேன். கூட்டு வட்டியை 'கொர்கோவா கொரோல்லே' என்கிறார்கள். அப்படியே தமிழில் சொன்னால் 'வட்டிக்கு வட்டி'! அந்தக் குதிகாலும் எப்போதும் உயரமாக இருப்பதில்லை. அங்கே பெரும்பாலான வீட்டுக் கடன்கள் யூரிபோர் என்ற விகிதத்தை ஒட்டியவை. ஓராண்டு யூரிபோர் 2016 முதல் 2022 வரை பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. 2023-ல் 4 சதவீதத்தையும் தாண்டியது.

ஆர்வத்துக்குச் சொல் 'கீன்னோஸ்துஸ்'. விண்ணப்பத்தில் எழுதுகிற பொழுதுபோக்கு ஆர்வங்களுக்கு வேறு சொல், 'ஹர்ரஸ்துஸ்'. சொத்தில் உள்ள பங்குக்கு 'ஒசூஸ்'. 'ஒசா' என்றால் பகுதி. அந்த ஊரில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர் சுவரையும் தரையையும் வாங்குவதில்லை. கட்டடம் முழுவதும் ஒரு குடியிருப்பு நிறுவனத்துக்குச் சொந்தம். அதன் பங்குகளை வாங்கினால், அந்தப் பங்குகளுக்கு உரிய வீட்டில் குடியிருக்கும் உரிமை கிடைக்கும்.

நலன், ஆதாயம் இரண்டுக்கும் சொல் 'எது'. ஆமாம், தமிழில் எழுதினால் நம் கேள்விச் சொல்லேதான்! குழந்தையின் நலன் என்று சட்டம் சொல்வது 'லப்சென் எது'. ஒருவருடைய சொந்த ஆதாயம் பொது நலனோடு மோதினால் 'எதுரிஸ்திரீதா'. ஆதாயத்துக்கும் ஆர்வத்துக்கும் அங்கே ஒலியில்கூட ஒற்றுமை கிடையாது.

இதை இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சங்க வேலையில் நாம் அதிகம் காயப்படுவதும் காயப்படுத்துவதும் இந்த ஒரு சொல்லால்தான். ஒருவர் தானாக முன்வந்து, மோட்டார் ரிப்பேருக்கு நாலு இடத்தில் கொட்டேஷன் வாங்கி வருகிறார். 'இவருக்கு இதில் என்ன இன்ட்ரெஸ்ட்?' என்று பின்னால் ஒரு குரல் கேட்கிறது. கேட்டவர் எந்தப் பொருளில் கேட்டாரோ தெரியாது. முன்வந்தவர் காதில் அது 'என்ன கமிஷன்?' என்றுதான் விழும். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். வேலை செய்ய ஆளில்லை என்று பிறகு நாமே புலம்புவோம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். காண்டிராக்டர் ஒருவரோடு உறவோ கொடுக்கல் வாங்கலோ உள்ளவர், 'எனக்கு இதில் இன்ட்ரெஸ்ட் உண்டு, நானே பார்த்துக்கொள்கிறேன்' என்பார். நாம் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டுவோம். முதலில் சொன்னதில் நல்ல மனிதரை இழக்கிறோம். இதில் பணத்தை இழக்கிறோம்.

பின்லாந்தின் குடியிருப்பு நிறுவனங்களுக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் பேசப்படும்போது, அந்த உறுப்பினர் அதில் கலந்துகொள்ளக் கூடாது. அவரை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. சம்பந்தம் இருக்கிறது, அதனால் விலகி உட்கார்கிறார், அவ்வளவுதான்.

நாமும் இரண்டு காரியம் செய்யலாம். பெயின்டிங், லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி என்று எந்த ஒப்பந்தம் வந்தாலும், 'இதில் யாருக்காவது சொந்தச் சம்பந்தம் உண்டா?' என்று தலைவர் எல்லோரையும் பொதுவாகக் கேட்கட்டும். பதிலை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதட்டும். எல்லோரையும் கேட்டால் யாருக்கும் அவமானம் இல்லை. உண்டு என்று சொல்பவர் அந்த முடிவில் மட்டும் ஒதுங்கிக்கொள்ளலாம். மற்ற வேலைகளுக்கு அவர் நமக்கு வேண்டும்.

இரண்டாவது, பேசும்போது இந்த ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். வட்டி, ஆர்வம், நலன், பாத்தியதை, ஆதாயம் என்று நம்மிடமும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. மெயின்டனன்ஸ் பாக்கிக்கு வட்டி என்றால் வட்டி என்றே சொல்லலாம். ஒருவருக்கு ஆர்வம் என்றால் மனதாரப் பாராட்டலாம். ஆதாயம் என்று சந்தேகம் வந்தால், மாடிப்படியில் முணுமுணுக்காமல் கூட்டத்தில், அவர் முகத்துக்கு நேரே, மரியாதையாகக் கேட்கலாம்.

இனி யாராவது 'இன்ட்ரெஸ்ட்' என்றால், சண்டைக்குப் போகும் முன் ஃபின்னிஷ்காரர் சொல்லைத் தமிழில் கேட்டுவிடுங்கள்: எது?