கோடும் பெயரும்

அறிவியல் ஓவியர் தம் படங்களை ஒருவர்க்கொருவர் காட்டி ஆராயுங்கால் முதலில் எழும் வினா ‘அழகா?’ என்பதன்று, ‘சரியா?’ என்பதே.

ராபர்ட் வைட் சென்னையில் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட இந்தியத் தாவரப் பட நூலில் 2101 படங்கள் உள்ளன. அவற்றுட் பலவற்றின் மூலத்தை வரைந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர் இருவர். முழுக் கிளையை ஒருபுறமும், பிளந்த மலரின் மகரந்தப்பை, சூலகம் முதலிய உறுப்புகளைப் பெரிதாக்கி மறுபுறமும் தீட்டினர். அவ்வுறுப்புகளில் ஒரு கோடு பிழைத்தால் இனமே மயங்கும். அத்திறம் உணர்ந்த வைட், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயியா’ எனப் பெயர் சூட்டினார். பிற்கால வகைப்பாட்டில் அது ‘டிராபிடியா’வுள் அடங்கிற்று, பெயர் வழக்கொழிந்தது.

கோடுகள் நிலைத்தன. படத்தை ஆராயும் அவையில் வரைந்தவர் பெயரும் ஒலிக்கட்டும். அதுவும் சரிபார்க்க வேண்டிய உண்மையே.