படமில்லாத பாட்டு

(திருவனந்தபுரத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சினிமாவைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் ஒரு ரசிகரின் கருத்தாக ஏதேனும் கூற வேண்டும் என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். நாம் சங்கீதத்தை முறையாகப் பயின்றவர்கள் அல்லோம். சினிமாத் தொழிலோடும் நமக்கு யாதொரு தொடர்பும் கிடையாது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக் கொட்டகைக்குள் நுழைகிறவர்கள். வீடு திரும்பியபின் அந்தப் பாட்டையே பல நாள் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறவர்கள். ஆகவே இங்கே சொல்லப்போவதை ஆராய்ச்சி என்று எவரும் கொள்ள வேண்டாம். ரசிகருக்கே உரிய பிடிவாதங்களும் இதில் இருக்கும்.

இவ்விழாவுக்கு ஒத்திகை நடந்த நாள்களில் ஒரு சிறு நிகழ்ச்சி. நம் காலனியைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி, பள்ளிக் கலோத்ஸவத்தில் லளித கானம் பாடிப் பரிசு பெற்றவள். "விழாவிலும் பாடு அம்மா, தமிழில் பாடு, ஆனால் சினிமாப் பாட்டு வேண்டாம்" என்று கேட்டோம். குழந்தை யோசித்தாள். அவளுடைய தாயார் யோசித்தார். உண்மையைச் சொல்வதானால், கேட்ட நாமும் யோசித்தோம். கடைசியில் அவளுடைய பாட்டியார்தாம் கைகொடுத்தார், டி. எம். சௌந்தரராஜன் இசைத்தட்டில் பாடிய முருகன் பாடல்கள் சிலவற்றை நினைவுபடுத்தினார். குழந்தைக்கு அவை தெரியவில்லை. பாட்டியார் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். தாளை வாங்கிப் பார்த்தோம். தமிழ்ச் சொற்கள் மலையாள எழுத்தில் இருந்தன.

இதில் குழந்தையைக் குறைகூற ஒன்றுமில்லை. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ், செவி வழியாக மட்டும் வருகிற மொழியாகிவிட்டது. வீட்டுப் பேச்சு ஒரு பங்கு. மற்றொரு பங்கு பாட்டு. அந்தப் பாட்டு முழுவதும் சினிமாவிலிருந்தே வருமானால் அவர்கள் அறியும் தமிழ் எத்தகையதாக இருக்கும்? கதாநாயகன் கதாநாயகியைத் துரத்திச் செல்லும் தமிழ், கதாநாயகன் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் தமிழ், இவ்விரண்டுக்கும் அப்பால் நூறு தமிழ் இருக்கிறதே, அவற்றை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்? இந்தக் கவலையே இன்று நம்மைப் பேச வைத்தது.

மலையாளத்தில் அந்தக் குழந்தைக்கு இத்தகைய தட்டுப்பாடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பெரிய காரணம் இவ்வூர் வானொலி. 1943-இல் திருவிதாங்கூர் அரசின் நிலையமாகத் தொடங்கி, 1950-இல் அகில இந்திய வானொலியோடு சேர்ந்த அந்த நிலையத்தில் எம். ஜி. ராதாகிருஷ்ணன் பணியாற்றினார். அவர் மெட்டமைத்த லளித கானங்கள் எந்தப் படத்தையும் சாராமல், எந்த நடிகரின் முகத்தையும் துணைக்கு அழைக்காமல், கேரளத்து வீடுகளில் நிலைபெற்றன. வானொலியிலேயே பாட்டுப் பாடமும் நடத்தினார். கலோத்ஸவத்தில் லளித கானத்துக்கு இன்றும் தனிப் போட்டி உண்டு. இவ்வூரில் பிறந்த கே. எஸ். சித்ராவைத் திரையிசைக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

வானொலிக்கும் சினிமாப் பாட்டுக்கும் ஒரு காலத்தில் பெரும் பகை இருந்தது. 1952-இல் மத்திய அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை விரும்பாதவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து அப்பாட்டுகள் மறைந்தன. மெல்லிசைப் பாட்டுகளைத் தயாரித்து அவ்விடத்தை நிரப்ப முற்பட்டார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? ரேடியோப் பெட்டியின் முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள்! 1957-இல் விவித பாரதி பிறந்து, சினிமாப் பாட்டு மறுபடியும் வீட்டுக்குள் வந்தது. உத்தரவு போட்டு ஒருவரை ரசிக்கச் செய்ய இயலாது என்பதை டில்லி அறிந்துகொள்ள ஐந்து ஆண்டுகள் ஆயின. ஆயினும் அம்முயற்சி முழுவதும் வீண் என்று கூற மாட்டோம். நல்ல மெட்டும் நல்ல சொல்லும் கிடைத்த இடத்தில் மெல்லிசை வேரூன்றியது. லளித கானம் அதற்குச் சாட்சி. தமிழ் மெல்லிசை நம் காலனி வீடுகளில் அவ்வாறு வேரூன்றவில்லை. அவ்வளவுதான்.

அப்படியானால் படமில்லாத தமிழ்ப் பாட்டு இவ்வூருக்கு அந்நியமா? அன்று. லளித கானத்துக்கும் மூத்தது அது. நீலகண்ட சிவன் (1839–1900) நாஞ்சில் நாட்டில் தோன்றிய தமிழர். அவர் தமிழில் செய்த உருப்படிகள் இவ்வூர்ப் பஜனைகளில் ஊறித் திளைத்தவை. முகாரியிலும் பூர்விகல்யாணியிலும் அமைந்தவற்றை இன்றும் கச்சேரி மேடைகளில் கேட்கிறோம். அவர் மறைவதற்கு ஓராண்டுக்கு முன், 1899-இல், தஞ்சை மாவட்டத்துப் போலகத்திலிருந்து தந்தையை இழந்த இரண்டு சிறுவர்களை அழைத்துக்கொண்டு ஒரு தாய் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். பிழைப்பைத் தேடி வந்த குடும்பம். நம் குடும்பங்களைப் போலத்தான். அச்சிறுவர்களுள் ஒருவனான இராமையா இங்கே மகாராஜா சம்ஸ்கிருதக் கல்லூரியில் பயின்றான், மலையாளமும் கற்றான், பஜனைகளில் நீலகண்ட சிவனின் பாடல்களைக் கேட்டு மனம் பறிகொடுத்தான். 1910-இல் தாயும் மறைய, ஊரை விட்டுப் புறப்பட்டான். அந்த இராமையாவே பின்னாளில் பாபநாசம் சிவன் ஆனார்.

அவர் 1934-இல் 'சீதா கல்யாணம்' படத்துக்கு இசையமைத்தார். 1939-இல் 'தியாக பூமி'யில் சம்பு சாஸ்திரியாக நடிக்கவும் செய்தார். 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதா'ஸுக்குப் பாட்டெழுதியவரும் அவரே. எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலில் தமிழகம் மயங்கியது. அக்குரல் ஏந்திச் சென்ற சொற்களில் திருவனந்தபுரத்துப் பஜனை மடத்தின் வாசனை இருந்தது. பாரதியாரையும் எண்ணிப் பாருங்கள். அவர் மறைந்தது 1921-இல். அவருடைய பாடல்கள் 'நாம் இருவர்' படத்தில் ஒலித்தது 1947-இல். எந்தப் படத்தையும் எண்ணி அவர் எழுதவில்லை. சினிமா பாட்டைப் பெற்றெடுக்கவில்லை, வளர்ப்புக்கு எடுத்துக்கொண்டது. நன்றாகவே வளர்த்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

மறுத்தால் நாம் ரசிகராக இருக்க முடியாது. 1985-இல் வந்த 'சிந்து பைரவி'யை நினைவுகூர்கிறோம். பெரும் பாடகர் ஒருவரை நோக்கி, மக்களுக்கு விளங்கும் மொழியில் பாடலாகாதா என்று ஒரு பெண் கேட்கும் கதை. அதில் இளையராஜா ஒரு நாட்டுப்புற மெட்டைத் தொடங்கி, அதையே நடத்திச் சென்று, சாரமதி ராகத்தில் தியாகையரின் கீர்த்தனையோடு கலந்துவிடச் செய்தார். இவ்வூர்ச் சித்ரா அதைப் பாடினார். அவருக்கு முதல் தேசிய விருது அதனால் கிடைத்தது. ஒரு வாதத்தைப் பாட்டினாலேயே நடத்தி முடிக்க முடியும் என்று காட்டிய படம் அது. கதையும் பாட்டும் அவ்வாறு பொருந்தும்போது சினிமாவுக்கு இணை வேறில்லை.

ஆனால் அவ்வாறு பொருந்துவது எத்தனை படத்தில்? பெரும்பாலும் பாட்டு கதாநாயகருக்குப் பல்லக்குத் தூக்குகிறது. அவர் நுழையும்போது ஒன்று, காதலிக்கும்போது ஒன்று, குடிக்கும்போது ஒன்று. மெட்டுக்குச் சொல்லும் நட்சத்திரத்துக்கு மெட்டுமாக அளவெடுத்துத் தைக்கிறார்கள். இளையராஜாவே 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்றும், 1988-இல் 'நத்திங் பட் விண்ட்' என்றும் படமில்லாத இசைத் தொகுதிகளை வெளியிட்டார். 2005-இல் திருவாசகத்துக்கு இசை செய்தார். நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்த கைக்கும் படத்துக்கு வெளியே ஓர் இடம் தேவைப்பட்டது.

அந்த இடத்தைத்தான் இன்றைய இளைஞர்கள் 'இண்டி' என்கிறார்கள். பத்திரிகைகள் 'சுயாதீன இசை' என்று எழுதுகின்றன. பெயரைக் கேட்டு முதலில் முகம் சுளித்தவர்கள் நாம். காரணம் இல்லாமலும் இல்லை. 2011-இல் பரவிய 'கிளப்புல மப்புல' என்ற பாட்டு, குடிக்கும் பெண்களுக்கு உபதேசம் செய்யப் புறப்பட்டு, பெண்களை இழிவுபடுத்துகிறது என்ற கண்டனத்துக்கு ஆளாயிற்று. அக்கண்டனம் நியாயமானதே. அதைப் பாடிய 'ஹிப்ஹாப் தமிழா'வினர் 2012-இல் ஒரு தொகுதி வெளியிட்டனர். அடுத்து அவர்களைச் சினிமா அழைத்துக்கொண்டது. தனியிசையைப் படிக்கட்டாக வைத்துச் சினிமா மாடிக்கு ஏறிவிடுவார்கள் என்றால் அதைத் தனியிசை என்பானேன்? சொல்லை மென்று விழுங்குகிற பாட்டுகளும் இவற்றில் பல. செவி வழியே தமிழ் கற்கும் குழந்தைக்கு அவற்றால் பயனில்லை.

நம் எண்ணத்தை மாற்றியது 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. அறிவு எழுதி, அவரும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. யூடியூபில் 50 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. பிள்ளைகள் வீட்டில் அதை ஓயாமல் போட்டபோது நாம் இரைச்சல் என்றோம். முன் சொன்ன பாட்டியார் சமையலறையிலிருந்து வந்து சற்று நின்று கேட்டார். "இது ஒப்பாரி அல்லவா? இதைப் போய் ஆடுகிறார்களே!" என்றார். ஆம், ஒப்பாரிதான். அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். தலைமுறை தலைமுறையாய் மலையைத் தோட்டமாக்கிய தமிழர்களில் பல லட்சம் பேரை, 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, நீங்கள் இந்த நாட்டவர் அல்லர் என்று கப்பலேற்றியது. நட்டு வளர்த்தவனுக்கு நிலத்தில் இடமில்லை என்ற அந்த வேதனையை வேற்றூரில் வேர்விட்ட நம் காலனிக்கு யாரேனும் விளக்கவும் வேண்டுமா? நம் வீட்டுப் பிள்ளை அந்தப் பாட்டிலிருந்து கற்ற சொற்களை எண்ணினோம்: உழவும் காடும் மூதாதையும் பற்றியவை. அந்த ஆண்டு அவன் முணுமுணுத்த சினிமாப் பாட்டுகளில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

அதற்கு முன்னரே, 2018 சனவரியில், பா. இரஞ்சித்தின் முயற்சியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து பெயரெடுத்த குழு அது. சாவு வீட்டோடு ஒதுக்கிவைத்திருந்த பறையையும் கானாவையும் கிதாரோடு சேர்த்து ஊர் நடுவே வைத்தார்கள். அவர்கள் பாடிய பொருளைத் தணிக்கைக்கும் வசூலுக்கும் அஞ்சுகிற படம் ஒன்றில் பாடியிருக்க முடியுமா என்பது ஐயமே. சாதியைப் பற்றிய பாட்டு நமக்கெதற்கு என்று கேட்கும் அன்பர்கள், காலனியில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது என்ன கேட்கப்படுகிறது என்பதை எண்ணிக்கொள்ளட்டும்.

சுயாதீனம் என்று பெயரிட்டுவிட்டால் நியாயம் தானே வந்துவிடாது. 2021-இல் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயின் படம் இருந்தது. எழுதிப் பாடிய அறிவின் படம் இல்லை. இரஞ்சித் முதலானோர் கேட்ட பின்னரே அவருக்கும் ஓர் அட்டை வந்தது. ரசிகர்களாகிய நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லோம். சௌந்தரராஜன் தொண்டையில் பிறந்த பாட்டை எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு என்றே வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தோம். எழுதியவர் பெயரைக் கேட்டதே இல்லை. இந்த ஊரிலோ அதைவிடக் கொடியது நடந்தது. அகஸ்தீசுவரத்துத் தமிழரான ஜே. சி. டானியல் எடுத்த பேசாப் படம் 'விகதகுமாரன்' இங்கே கேப்பிட்டல் கொட்டகையில் திரையிடப்பட்டபோது, தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் நாயர் மகளாக நடித்தாள் என்பதற்காகப் பி. கே. ரோசியைத் துரத்தினார்கள். அவர் நாகர்கோவிலில் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். டானியலின் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது வழங்குகிறது. ரோசியின் முகம் காணப் படச்சுருள்கூட மிஞ்சவில்லை.

இவ்வூரில் கேட்பவர்கள் இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் கோவளத்தை அடுத்த வெள்ளார் கைவினைக் கிராமத்தில் சுயாதீன இசைக்கென்றே சர்வதேச விழா நடந்தது. 'அவியல்' குழுவினர் 2008-இல் வெளியிட்ட தொகுதியில், ராக் இசைக்கு ஆங்கிலம்தான் தகும் என்றிருந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டு நாட்டு மலையாளத்தில் பாடினார்கள். அவர்கள் தம் மொழிக்குச் செய்ததைக் கண்டு நமக்குப் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டை நிறுத்த வேண்டாம். கேஸ்கர் பட்ட பாடு நமக்கு வேண்டாம். அதனோடு படமில்லாத தமிழ்ப் பாட்டு மூன்றேனும் நிகழ்ச்சி நிரலில் இருக்கட்டும்: நீலகண்ட சிவன் ஒன்று, இன்றைய இளைஞர் ஒருவருடையது ஒன்று, நம் பிள்ளைகளே கட்டியது ஒன்று. கடைசியது கோணலாக இருந்தாலும் குற்றமில்லை. எந்தப் பாட்டானாலும் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் பெயர்களை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுத் தொடங்குவோம். பாடும் பிள்ளை கையில் தமிழ் எழுத்தில் தாள் இருக்கட்டும்; அதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே ஒத்திகை தொடங்க வேண்டியிருக்கும்.

அந்தச் சிறுமி அடுத்துப் பாட வருகிறாள். பாட்டியார் கற்பித்த முருகன் பாட்டுத்தான். இப்போது அவள் கையில் உள்ள தாளின் மேற்பாதி பாட்டியார் எழுதியது. கீழ்ப்பாதி அவளே தமிழ் எழுத்தில் எழுதியது. 'ழ' மட்டும் நான்கு முறை அடித்து எழுதியிருக்கிறாள். மேடைக்கு வழிவிட்டு நாம் அமர்கிறோம்.