கடைக்கு ஏற்ற விற்பனைக் கருவி
(உழவர் குழுக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் குழுவின் கடைக்கு விற்பனைக் கருவி ஒன்று வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். கருவி நமக்குப் புதிதன்று. 2017ஆம் ஆண்டு முதல் நியாயவிலைக் கடையில் மின்னணு அட்டையைக் காட்டி அரிசி பெறுகிறோம். மானிய உரமும் 2018 முதல் கருவியில் பதிந்தே விற்கப்படுகிறது. ஆயினும் அது உரத்துக்கு மட்டுமே உரியது. விதை, பிண்ணாக்கு, பூச்சிமருந்து ஆகியவற்றின் கணக்கை நாமேதான் வைத்தாக வேண்டும்.

முன்பு நம் ஒன்றியத்தில் ஒரு கடைக்கு, விலை குறைவு என்ற ஒரே காரணத்தால் கருவி வாங்கினார்கள். விற்றவர் தொழிலைக் கைவிட்டார். கடன் கணக்கு முழுவதும் அதனுள் அகப்பட்டுக்கொண்டது. பணம் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் வேற்றுமை தெரியவில்லை. விலைப்பட்டியலை மட்டும் பார்த்து ஒப்பியவர்களுள் நாமும் ஒருவர்.

ஆகையால் வாங்குமுன் சிலவற்றைக் கேட்போம். மின்சாரமும் இணையமும் இல்லாத வேளையில் அது ரசீது தருமா? எடைக்கும் எண்ணிக்கைக்கும் விற்க இயலுமா? மருந்தின் காலாவதி நாளைக் காட்டுமா? அறுவடைவரை நிற்கும் கடனைப் பெயர்வாரியாகச் சொல்லுமா? ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு முழுவதையும் நாம் தனியே படியெடுத்து வைத்துக்கொள்ளலாமா?

சந்தை நாளொன்றில் நம் கடைப்பெண்களே அதை இயக்கிப் பார்க்கட்டும். அதன் பின்னரே பணம் கொடுப்போம். மாதந்தோறும் கணக்கைக் கூட்டத்தில் உரக்கப் படிப்போம். கருவி கணக்கை எழுதும். நம்பிக்கையை நாம்தான் வளர்க்க வேண்டும்.