மனைக்குள் நிற்க வேண்டிய மழை

தலைமையுரை நீண்டால் கட்டுரைகளுக்கான நேரம்தான் குறையும். அதனால் ஒரு கருத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு எக்டேர் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் 10 லட்சம் லிட்டர். மேய்ச்சல் தரையாக இருந்தவரை அதில் பெரும்பங்கு மண்ணில் இறங்கியது. மிச்சம் பள்ளங்களில் தேங்கி மெல்ல ஓடை சேர்ந்தது. அங்கேயே கிராவல் அடித்து மேடாக்கி, வீடுகளும் சிமெண்ட் சாலைகளும் போட்டபின், விழுவதில் பெரும்பங்கு வெளியே வருகிறது. அளவு கூடியது ஒரு கேடு. அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து சேர்வது அதைவிடப் பெரிய கேடு. புதிய மனைப்பிரிவு உயர்ந்து நிற்க, பக்கத்துப் பழைய தெரு குளமாகிறது.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி கலங்கல் வழிந்து சதுப்பு நிலம் சேர்ந்த நீர், ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரம் கண்டது 49 செ.மீ. அன்றைய விவாதமெல்லாம் செம்பரம்பாக்கத்தைச் சுற்றியே நடந்தது. ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் போவது அடையாற்றில். பள்ளிக்கரணைப் பக்கம் மூழ்கியது அந்தப் பகுதியிலேயே விழுந்த மழையால். 2022-இல் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது, நல்லதுதான். அதற்கு வரும் நீரின் வேகத்தை அந்தப் பட்டியல் குறைக்காது.

வடிகாலை அகலப்படுத்தினால் போதும் என்பாருண்டு. கடல் ஏற்றத்தில் முகத்துவாரம் நீரை வாங்க மறுக்கும்போது அகலம் என்ன செய்யும்? 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு நிலத்தடி நீருக்குப் பெரும் நன்மை செய்தது. ஆனால் அது வெள்ளத்துக்காக வகுத்த ஏற்பாடன்று. பெசன்ட் நகர் மணலில் உறை கிணறு நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். களிமண்ணில் ஐப்பசியிலேயே நிரம்பிவிட்டால் கார்த்திகை மழைக்கு இடமேது?

நான் சொல்ல வந்தது இதுதான்: நிலம் மனையாகுமுன் எவ்வளவு நீரை எவ்வளவு வேகத்தில் வெளியே விட்டதோ, மனையானபின் அதற்கு மேல் விடக்கூடாது. சிங்கப்பூரில் 2014 முதல் 0.2 எக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்கள் உச்ச நீரோட்டத்தைத் தம் எல்லைக்குள்ளேயே குறைத்தாக வேண்டும். நம் விதிகளிலும் ஒரு பிடி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். விற்காத மூலையை அதற்குத் தள்ளாமல், நிலத்தின் தாழ்ந்த பகுதியையே கேட்டு வாங்கினால், கோடையில் விளையாட்டுத் திடலாகவும் மழையில் தாங்கலாகவும் அது பயன்படும்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தத் திட்டத்தை முன்வைத்தாலும் அது எந்த மண்ணுக்கு, என்ன செலவில், பத்தாண்டு கழித்துத் தூர் வாரப்போவது யார் என்ற மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.