யாரும் அச்சிடாத நூல்களுக்கு ஒரு கூட்டு

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வாழ்க்கை வாழ்ந்த முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரட்டு, நிரை, பால் மங்கு, ஒட்டுப்பால், காண்டாவாளி என்று சொற்கள் வந்து விழும். பேரப்பிள்ளைகளுக்கு அவற்றில் பாதி விளங்காது. இச்சொற்களைத் தொகுத்து, பக்கத்திலே படம் வரைந்து, சிறு அகராதியாக அச்சிடலாம் என்றால் எந்தப் பதிப்பாளர் முன்வருவார்? விற்காது என்பார். அவர்மேல் குற்றமில்லை, போட்ட முதல் திரும்ப வேண்டுமல்லவா? ஆனால் அந்த முதியவர்கள் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

இத்தகைய நூல்களுக்கென்று நாமே ஒரு கூட்டு அமைத்தால் என்ன? இது புதிய எண்ணமன்று. 1887-இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வருமுன்பே கையொப்பமிட்டுப் பணம் தந்தவர்கள் துணை நின்றார்கள். நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளி சேர்ந்து, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. தோட்டமே வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் பெரிய காரியமா?

குழு என்றதும் தலைவர், துணைத்தலைவர் என்று நாற்காலி தேடுவது நம் வழக்கம். அதை விட்டுவிடுவோம். கணக்கெழுத ஒருவர், கையெழுத்துப் படியைத் திருத்த இருவர் போதும். 30 பேர் மாதம் 10 வெள்ளி கட்டினால் ஓராண்டில் 3,600 வெள்ளி. குறைந்த படிகளுடன் ஒரு சிறு நூலைத் தொடங்க இது உதவும். வெளியீட்டு விழா, பொன்னாடை, மாலை ஆகியவற்றுக்கு இதில் ஒரு காசும் போகக்கூடாது. எத்தனையோ நல்ல முயற்சிகளின் பணம் மேடையிலேயே கரைந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

முதலாண்டில் ஒரே நூல். ஒரு தோட்டத்தில் வழங்கும் சொல் அடுத்த தோட்டத்தில் வேறாக இருக்கலாம். ஆகையால் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மூன்று பேரிடமாவது கேட்டு எழுதுவோம். அச்சானபின் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய நூலகத்திற்குப் படிகள் அனுப்புவோம். சொல் தந்த பாட்டிக்கும் ஒரு படி கொடுப்போம். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பேத்தி படித்துக் காட்டட்டும். பிழையிருந்தால் பாட்டி சொல்வார். அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்வோம்.